பேனிஸ்டருக்கு அப்புறம் ஒரே வருஷத்துல 37 பேர் 4 நிமிஷத்துக்குள்ள மைல் ஓடினாங்களா?

உங்க கேள்வியை ஒருதரம் திருப்பிச் சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும். ஆபீஸ் ட்ரெயினிங்ல பேச வந்தவர், ஒரு மைலை 4 நிமிஷத்துக்குள்ள ஓடினா இதயம் வெடிச்சிடும்னு டாக்டருங்களே நம்பிட்டு இருந்தாங்க, 1954-ல ராஜர் பேனிஸ்டர் ஓடிக் காட்டினார், அடுத்த ஒரே வருஷத்துல 37 பேர் ஓடிட்டாங்க, தடை எல்லாம் மனசுலதான் இருக்குன்னு சொல்லியிருக்கார். அது உண்மையான்னு கேக்கறீங்க. கூடவே 1999-ல வச்ச மைல் உலக ரெக்கார்டு ஏன் இன்னும் அப்படியே நிக்குது, ஐபிபிடிக்கு (சிங்கப்பூர் ராணுவ உடற்தகுதித் தேர்வு) 2.4 கிலோமீட்டர் ஓடுற நீங்க உங்க மைல் டைமை எப்படிப் பார்க்கறதுன்னும் கேட்டிருக்கீங்க. எனக்கென்னவோ அடியில நீங்க கேக்கறது வேற ஒண்ணுன்னு தோணுது. ஒருத்தர் ஓடிக் காட்டிட்டா அதைப் பார்த்தே மத்தவங்களுக்கு வேகம் வந்துடுமா, அதுதானே?

நான் டாக்டர் இல்ல, உடலியல் ஆராய்ச்சி பண்ணினவனும் இல்ல. இங்க பள்ளிக்கூட தடகளப் போட்டிகள்ல ரொம்ப வருஷம் டைம்கீப்பரா நின்னிருக்கேன், சிசிஏ (பள்ளிக்கூடத்துல பாடத்துக்கு வெளிய நடக்கற விளையாட்டு மாதிரி செயல்பாடுகள்) பிள்ளைங்களுக்கு 800, 1500 மீட்டர் பயிற்சி கொடுத்திருக்கேன், மைல் ரெக்கார்டு வரலாறுன்னா எனக்கு உயிர். அதனால யாரு, எங்க, எத்தனை செகண்ட்ங்கறதெல்லாம் உறுதியா சொல்லலாம். உடம்புக்குள்ள, மனசுக்குள்ள என்ன நடக்குதுங்கறது வேற விஷயம், அங்க நான் சொல்றது பயிற்சியாளரோட அபிப்பிராயம்னு மட்டும் எடுத்துக்குங்க.

முதல்ல அந்த 37. அது தப்பு, இதுல சந்தேகத்துக்கே இடமில்ல. பேனிஸ்டர் ஆக்ஸ்ஃபோர்டு இஃப்லி ரோடு டிராக்ல 3:59.4 ஓடினது 1954 மே 6. அடுத்து 4 நிமிஷத்துக்குள்ள வந்தவர் ஆஸ்திரேலியாவோட ஜான் லாண்டி, ஜூன் 21, பின்லாந்து துர்க்கு நகரத்துல, அதாவது 46 நாள் கழிச்சு. அதுக்கு அப்புறம் அந்த ஒரு வருஷத்துக்குள்ள புதுசா ஒருத்தர்கூட வரல. 1955 மே 28 லண்டன் ஒயிட் சிட்டியில ஹங்கேரியோட லாஸ்லோ தாபோரி, இங்கிலாந்தோட கிறிஸ் சாட்டவே, பிரையன் ஹ்யூசன் மூணு பேரும் ஒரே ரேஸ்ல வந்தாங்க, அதுக்குள்ள வருஷம் முடிஞ்சு மூணு வாரம் ஆயிடுச்சு. ஆக ஒரு வருஷத்துல 37 இல்ல, ஒண்ணே ஒண்ணு. அந்த ஒருத்தரும் பேனிஸ்டரைப் பார்த்து ஞானம் வந்து ஓடினவர் இல்ல, 1952 டிசம்பர்லயே 4:02.1 ஓடிட்டு அதுக்கப்புறம் மறுபடி மறுபடி 4:02 கிட்ட வந்து முட்டிக்கிட்டே இருந்தவர்.

மனத்தடைக் கதைக்கு நேர் எதிர் சாட்சி ஒருத்தர் இருக்கார், அவரை யாரும் மேடையில சொல்றதில்ல. அமெரிக்காவோட வெஸ் சாண்டி. பேனிஸ்டர் ஓடி ஒரு மாசம்கூட ஆகல, 1954 ஜூன் 4 கலிஃபோர்னியாவுல மைல் ஓடறார், வழியில 1500 மீட்டரை 3:42.8-ல தாண்டி அதுக்கு உலக ரெக்கார்டே வைக்கறார், மைலை முடிச்சது 4:00.6. அடுத்த வருஷமும் 4:00-வைத் தொட்டு தொட்டு நின்னார், கடைசி வரைக்கும் அவரால 4-க்குள்ள வரவே முடியல, அப்புறம் செலவுப் பணம் அதிகமா வாங்கிட்டார்னு அமெச்சூர் (காசுக்கு ஓடக்கூடாதுங்கற விதி) சங்கம் தடை போட்டுடுச்சு. முடியும்னு தெரிஞ்சதே போதும்னா முதல்ல உள்ள வந்திருக்க வேண்டியவர் அவர்தான்.

டாக்டர் விஷயத்துக்கு வருவோம். எந்த டாக்டர் எப்போ அப்படிச் சொன்னார்னு யாரும் ஆதாரத்தோட காட்டி நான் பார்த்ததில்ல. பத்திரிகைகள்ல சுவர், தடைன்னு நிறைய எழுதினாங்க, அது உண்மை. ஆனா ஓட்டக்காரங்க பேச்சு "யாரு முதல்ல"ங்கறதாத்தான் இருந்தது. பேனிஸ்டரே மருத்துவ மாணவர், ட்ரெட்மில்லுல ஆளை ஓடவிட்டு ஆக்சிஜன் எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சி பண்ணினவர், இதயம் வெடிக்கும்னு பயந்துகிட்டு டிராக்ல இறங்கின ஆளா அவர்?

இப்போ ஒரு சின்ன கணக்கு போடுங்க, எனக்கு இந்தக் கதையிலயே பிடிச்ச இடம் இதுதான். சர்வதேச தடகள சங்கம் முதன்முதலா அங்கீகரிச்ச ஆண்கள் மைல் ரெக்கார்டு 1913-ல அமெரிக்கர் ஜான் பால் ஜோன்ஸோட 4:14.4. 1945-ல ஸ்வீடனோட குண்டர் ஹேக் 4:01.4. 32 வருஷத்துல சரியா 13 செகண்ட், வருஷத்துக்கு சுமார் 0.4. ரெக்கார்டு நேர்கோட்டுல இறங்காது, ஒத்துக்கறேன், ஆனா ஏறக்குறைய அந்த வேகத்துல போயிருந்தா 1949 வாக்குலயே 4 நிமிஷம் காலியாகி இருக்கணும். பேனிஸ்டர் காலத்தை முந்திக்கிட்டு வந்தவர் இல்ல, அந்த ரெக்கார்டு அஞ்சு வருஷம் லேட்டா வந்தது. ஏன் லேட்டாச்சுங்கறதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

அதுக்குப் பதில் ஸ்வீடன்ல இருக்கு. 1942 ஜூலையில இருந்து 1945 ஜூலைக்குள்ள குண்டர் ஹேக், ஆர்னே ஆண்டர்சன் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஆறு தடவை ரெக்கார்டு பட்டியல்ல ஏறினாங்க, அதுல ஒண்ணு சமன் பண்ணினது. 4:06.4-ல இருந்தது மூணே வருஷத்துல 4:01.4 ஆச்சு. ஐரோப்பா முழுக்க சண்டை, மத்த நாட்டு ஓட்டக்காரங்க எல்லாம் ராணுவத்துல, ஸ்வீடன் நடுநிலை நாடு, அங்க மட்டும் ரேஸ் நடக்குது, கூட்டம் வருது, ஒரே நாட்டுல உலகத்தோட முதல் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் துரத்திக்கிட்டு இருக்காங்க. இன்னும் ஒரு ரெண்டு சீசன் விட்டிருந்தா 4 நிமிஷம் அவங்களோடதாவே ஆகியிருக்கும்னு நான் நம்பறேன், இது என் அபிப்பிராயம், நிரூபிக்க முடியாது. ஓடறதுக்குப் பணம் வாங்கினாங்கன்னு ரெண்டு பேருக்கும் ஆயுள் தடை போட்டாங்க. மத்த நாடுகள்ல சண்டை முடிஞ்சு டிராக், சாப்பாடு, பயிற்சி எல்லாம் திரும்பி வர வருஷக்கணக்கா ஆச்சு. 4:01.4 கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் அசையாம நின்னதுக்கு மனசு காரணம் இல்ல, போரும் அமெச்சூர் விதியும்தான் காரணம்.

இந்த அமெச்சூர் விதி எவ்வளவு தூரம் வரலாற்றையே மாத்தும்னு பாருங்க. 1886-ல லண்டன்ல வால்டர் ஜார்ஜ்னு ஒருத்தர் மைலை 4:12¾-ல ஓடியிருக்கார். காசுக்கு ஓடின ப்ரொஃபஷனல்ங்கறதால அது கணக்குல சேரல. 1913-ல அங்கீகரிச்ச அந்த 4:14.4, 27 வருஷம் முன்னாடி மனுஷன் ஓடினதைவிட மெதுவானது! 1915-ல நார்மன் டேபர் 4:12.6 ஓடின பிறகுதான் ஜார்ஜோட டைமைத் தாண்டினாங்க. இன்னும் பின்னாடி போனா 1770-ல ஜேம்ஸ் பாரட்ங்கற லண்டன் தெரு வியாபாரி பந்தயம் கட்டி 4 நிமிஷத்துல மைல் ஓடினார்னு ஒரு கதை உண்டு. அதை நான் நம்பறதில்ல. தெருவுல ஓடினது, தூரத்தை அளந்த விதம், கடிகாரம் எதுவுமே இன்னைக்கு சரிபார்க்கக்கூடியது இல்ல.

பேனிஸ்டர் ஓடின நாளைக் கொஞ்சம் கிட்டப் போய் பாருங்க, அது எவ்வளவு திட்டம் போட்ட வேலைன்னு தெரியும். கரித்தூள் டிராக். அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியில ஷூ அடியில இருக்கற ஸ்பைக் ஆணியை அரைக்கல்லுல தீட்டி, கரி ஒட்டாம இருக்க கிராஃபைட் தடவிட்டு வந்தார். சாயங்காலம் வரைக்கும் காத்து பலமா அடிச்சதால ஓடலாமா வேணாமான்னு கடைசி வரை தயங்கி, பக்கத்து தேவாலயத்துக் கொடி தொய்ஞ்சதைப் பார்த்துட்டுத்தான் இறங்கினார். முதல் பாதி முழுக்க கிறிஸ் பிராஷர் பேசரா, அதாவது வேகம் பிடிச்சுக் கொடுக்கறவரா, முன்னாடி இழுத்தார், அப்புறம் சாட்டவே கடைசி ரவுண்டு வளைவு வரைக்கும் இழுத்தார். ரவுண்டு டைம் 57.5, 60.7, 62.3. மூணு ரவுண்டு முடிஞ்சு மணி அடிக்கறப்ப 3:00.5, அதாவது கடைசி 440 கெஜத்தை 59.5-க்குள்ள ஓடியாகணும். 58.9-ல ஓடினார். அதுக்கு முந்தின வருஷம் மோட்ஸ்பர் பார்க்ல 4:02.0 ஓடினப்ப பிராஷர் வேணும்னே மெதுவா ஓடி, ஒரு ரவுண்டு பின்தங்கி, பேனிஸ்டர் பக்கத்துல வந்ததும் அவருக்கு முன்னாடி இழுத்துவிட்டார், அது நேர்மையான ரேஸ் இல்லன்னு பிரிட்டிஷ் சங்கம் தேசிய ரெக்கார்டா ஏத்துக்கவே இல்ல. அதனாலதான் இஃப்லி ரோட்டுல ரெண்டு பேசரும் ஆரம்பத்துல இருந்தே அவரோட சேர்ந்து ஓடி, ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு நண்பர்கள் பிரிச்சுக்கிட்ட பாரம் அந்த 3:59.4-க்குள்ள இருக்கு, "மனசு வச்சா முடியும்"னு சொல்றவங்க அந்த ரெண்டு பேரையும் மறந்துடறாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

டைம்கீப்பரா இருந்ததால லாண்டியோட ரெக்கார்டுல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். கையால நேரம் எடுக்கறப்ப துப்பாக்கி சத்தத்துக்கு அமுக்கக்கூடாது, புகையைப் பார்த்ததும் அமுக்கணும். முடிவுல தலையோ கையோ தாண்டினா போதாது, மார்பு கோட்டுக்கு வரணும். மூணு வாட்ச், ரெண்டு ஒத்துப்போனா அதுதான் டைம், மூணும் வேற வேறன்னா நடுவுல இருக்கறது. எடுத்த டைமை எப்பவும் மேல் பக்கமாத்தான் சரிபண்ணுவோம், ஓட்டக்காரருக்குச் சாதகமா குறைக்கறதே கிடையாது. அந்தக் காலத்துல மைலுக்கு அஞ்சுல ஒரு செகண்டுக்குச் சரிபண்ணணும்னு விதி. லாண்டி ஓடினது 3:57.9, ரெக்கார்டு புத்தகத்துல ஏறினது 3:58.0. இந்தப் பழைய டைம் எல்லாத்தையும் இன்னைய எலக்ட்ரானிக் டைமோட பத்துல ஒரு செகண்ட் துல்லியத்துக்கு ஒப்பிடறது சரியா வராது. நூறுல ஒரு செகண்ட் கணக்கு மைலுக்கு வந்ததே 1981-லதான்.

அதுக்கப்புறம் நடந்தது வேகமா சொல்லிடறேன். 1958 டப்ளின்ல ஹெர்ப் எலியட் 3:54.5, ஒரே அடியில 2.7 செகண்ட் குறைச்சார், அந்த ரேஸ்ல மட்டும் அஞ்சு பேர் 4-க்குள்ள. 1962-ல நியூசிலாந்தோட பீட்டர் ஸ்னெல் புல் தரையில 3:54.4 ஓடினார், புல்லுலன்னு நினைச்சுப் பாருங்க. 1966-ல ஜிம் ரயன், 19 வயசு, 3:51.3. 1975-ல ஜான் வாக்கர் முதல் ஆளா 3:50-க்குள்ள வந்து 3:49.4. 1981 ஆகஸ்ட்ல செபாஸ்டியன் கோ, ஸ்டீவ் ஓவெட் ரெண்டு பேரும் பத்தே நாள்ல மூணு தடவை மாத்தினாங்க, சூரிக்ல கோ 3:48.53, கோப்லென்ஸ்ல ஓவெட் 3:48.40, பிரஸ்ஸல்ஸ்ல மறுபடி கோ 3:47.33. வேடிக்கை என்னன்னா மூணுலயும் ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் ஓடல, ஆளுக்கொரு ஊர்ல பேசர் வச்சுக்கிட்டு கடிகாரத்தோட மோதினாங்க. 1985-ல ஸ்டீவ் கிராம் 3:46.32, 1993-ல அல்ஜீரியாவோட மோர்செலி 3:44.39, 1999 ஜூலை 7 ரோம்ல மொராக்கோவோட ஹிஷாம் எல் கெரூஜ் 3:43.13. 400 மீட்டருக்குக் கணக்குப் பண்ணினா 55.5 செகண்டுக்கும் கொஞ்சம் கம்மி, அதை நாலு தடவை, நடுவுல நிக்காம.

அது ஏன் நிக்குதுன்னா, உறுதியான காரணம் ரெண்டு. ஒண்ணு, மைல் ஓடறதே குறைஞ்சுபோச்சு. ஒலிம்பிக்லயும் உலகப் போட்டியிலயும் 1500 மீட்டர்தான், கெஜக் கணக்குல இருந்த உலக ரெக்கார்டுகளை எல்லாம் 1976-ல எடுத்துட்டாங்க, மைலை மட்டும் மரியாதைக்கு விட்டு வச்சாங்க. பெரிய அளவு மைல் ரேஸ் வருஷத்துக்கு சிலதுதான், அதுலயும் காத்து இல்லாம, பேசர் சரியா அமைஞ்சு, ஓடறவரும் உச்சத்துல இருக்கணும். ரெண்டாவது, ரோம்ல எல் கெரூஜுக்குப் பின்னாடியே கென்யாவோட நோவா ங்கெனி கடைசிக் கோடு வரைக்கும் விடாம வந்தார், அவர் டைம் 3:43.40. அதுவே பழைய ரெக்கார்டைவிட ஒரு செகண்ட் கம்மி! முதுகுக்குப் பின்னாடி மூச்சுச் சத்தம் கேக்கற ரேஸ் அது. 2023 செப்டம்பர்ல அமெரிக்காவோட யூஜீன்ல அதே மாதிரி ஒண்ணு அமைஞ்சது, யாகோப் இங்கெப்ரிக்ட்சன் 3:43.73, யாரெட் நுகூஸ் 3:43.97. 24 வருஷத்துல யாருமே அவ்வளவு கிட்ட வந்ததில்ல, ரெண்டு பேரும் ஒரே ரேஸ்ல வந்தாங்க. சந்தேகமான காரணங்களும் உண்டு. ஈபிஓங்கற (ரத்தத்துல சிவப்பணுவைக் கூட்டற) ஊக்கமருந்துக்கான பரிசோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்லதான் வந்தது, அதனால 90-கள்ல வச்ச நீண்ட ஓட்ட ரெக்கார்டுகள் மேல எல்லாம் பேச்சு இருக்கு, ஆனா பேச்சை வச்சு ஒரு தனி மனுஷனைக் கை காட்டறது அநியாயம், நான் செய்ய மாட்டேன். புது ஸ்பைக் ஷூ, டிராக் ஓரத்துல குறிச்ச வேகத்தைக் காட்டிக்கிட்டே ஓடற வேவ்லைட் விளக்கு இதெல்லாம் உதவுது, மைலுக்கு எத்தனை செகண்ட்னு அறுதியிட்டுச் சொல்றவரை நம்பாதீங்க.

மனத்தடைக் கதையை விட எனக்குப் பெரிசா படற தடை வேற ஒண்ணு, உங்க ட்ரெயினர் அதைத் தொடவே இல்ல. பேனிஸ்டருக்கு 23 நாள் கழிச்சு, 1954 மே 29, பர்மிங்ஹாம்ல டயான் லெதர்ங்கற பெண் 4:59.6 ஓடி முதல் தடவையா 5 நிமிஷத்துக்குள்ள வந்தாங்க. அது உலக ரெக்கார்டா ஏறல, ஏன்னா பெண்கள் மைலுக்கு அப்போ ரெக்கார்டே வச்சுக்கல, 1967-லதான் ஆரம்பிச்சாங்க. ஒலிம்பிக்ல பெண்களுக்கு அந்த சமயத்துல 200 மீட்டருக்கு மேல ஓட்டமே கிடையாது, 800 திரும்பி வந்தது 1960, 1500 வந்தது 1972. ஓட இடமே கொடுக்காம, முடியாதுன்னு எப்படிச் சொல்றது? கதவு திறந்த பிறகு நடந்ததைப் பாருங்க: 1996-ல மாஸ்தர்கோவா 4:12.56, 2019-ல சிஃபான் ஹசன் 4:12.33, 2023 மொனாக்கோவுல கென்யாவோட ஃபெய்த் கிப்யெகோன் 4:07.64, ஒரே ஓட்டத்துல 4.69 செகண்ட் குறைச்சாங்க. 2025 ஜூன்ல பாரிஸ்ல அவங்க 4-ஐ உடைக்கத் தனி முயற்சி எடுத்தாங்க, முன்னாடியும் பின்னாடியும் பேசர்கள் காத்தை மறைச்சுக்கிட்டு ஓடினாங்க, டைம் 4:06-க்கும் 4:07-க்கும் நடுவுல. ஆண் பேசர்கள் இருந்ததால ரெக்கார்டா சேராது. நம்பிக்கையில அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல, உலகமே பார்க்க 4 நிமிஷம்னு அறிவிச்சுட்டு இறங்கினவங்க, மிச்சம் இருந்த ஆறு செகண்டுக்கு மேலான இடைவெளி அதனால குறையல.

அதனால "எல்லாம் மனசுல"ங்கறதை நான் முழுசா ஒதுக்கல, ஒரு ரேஸோட கடைசி 200 மீட்டர்ல மனசு என்ன செய்யும்னு பிள்ளைங்ககிட்ட நேர்ல பார்த்திருக்கேன். ஆனா ரெக்கார்டு அசைஞ்சது எப்பவும் போட்டியாளர், பேசர், நல்ல டிராக், ஓட நேரமும் சோறும், விதிப்புத்தகம் இதெல்லாம் வழிவிட்டப்பதான்.

கடைசியா உங்க மைல். 1600 மீட்டர் மைல் இல்ல, 1609.34. 400 மீட்டர் டிராக்ல முடிவுக் கோட்டுக்கு 9.34 மீட்டர் பின்னாடி நின்னு ஆரம்பிச்சு, முதல் லேன்லயே நாலு ரவுண்டு முழுசா ஓடணும், சில ஸ்டேடியத்துல அந்த இடத்துல வளைஞ்ச கோடு போட்டிருக்கும், இல்லன்னா டேப் வச்சு அளந்துக்குங்க. 2.4-ஐ 10 நிமிஷத்துல முடிக்கற ஆள்னா ரவுண்டுக்கு 100 செகண்ட், அதே வேகத்துல மைல் 6:42 வரும். தூரம் கம்மிங்கறதால இன்னும் கொஞ்சம் வேகமா போகலாம், 6:30-க்கு குறி வைங்க, ரவுண்டுக்கு 97. நம்ம ஊர் சூட்டைச் சாக்கு சொல்லாதீங்க, தான்சானியாவோட ஃபில்பர்ட் பாயி 1975-ல 3:51.0-னு உலக ரெக்கார்டு வச்சது ஜமைக்காவோட கிங்ஸ்டன்ல, அதுவும் நம்மள மாதிரி வெப்ப மண்டல ஊர்தான், இவ்வளவு சின்ன தூரத்துக்குச் சூடு மாரத்தான் அளவுக்குப் பாதிக்காது. இருந்தாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல போங்க, நல்லா வார்ம்அப் பண்ணுங்க, உங்களைவிடக் கொஞ்சம் வேகமான கூட்டாளி யாரையாவது முதல் ரெண்டு ரவுண்டு முன்னாடி ஓடச் சொல்லுங்க. முதல் ரவுண்டை 90-க்கு அடிச்சுடாதீங்க, மூணாவது ரவுண்டுலதான் எல்லாருக்கும் டைம் விழும், அங்க 97-ஐ விடாம பிடிச்சுக்கிட்டா மிச்சத்தை ஓடிடலாம்.